சீனாவுக்குப் போன அவரு

இப்படிக் கிட்ட வந்து உட்காரு கண்ணு. ஜன்னல் ஓரம் நீயே வெச்சுக்க, எனக்குக் காத்து ஆகாது. பையைக் கீழே வெக்காத, பின் சீட்டு அம்மா மீன் கூடையிலிருந்து தண்ணி ஒழுகுது. எனக்கு ஒரு உபகாரம் பண்ணணும். கண்டக்டர் வந்தா உனக்கு எடுக்கறப்போ எனக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் எடுத்துரு. காசு இந்தா. நீயும் அந்த ஊருக்குத்தானே? பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல நீ போர்டைப் படிச்சதைக் காதுல வாங்கிட்டுத்தான் உன் பின்னாடியே ஏறினேன்.

எந்த ஊரா? இந்த பஸ் கடைசியா நிக்கற ஊரு. மலை இருக்கு, மலை மேல ஆண்டியாக் கோவணத்தோட நிக்கறான், கீழே ஊரே மொட்டை போட்டுக்கிட்டுப் பஞ்சாமிர்தம் வாங்குது. அந்த ஊரு. வாயைத் திறந்து அந்தப் பேரைச் சொல்ல எனக்கு முறையில்லை. எங்க வீட்டுக்காரருக்கு அதே பேரு.

சிரி, சிரி. போன தடவை ஒரு கண்டக்டர்கிட்ட மொட்டை போடற ஊருன்னு சொன்னேன். திருப்பதிக்கு இந்த பஸ் போகாதுங்கம்மான்னுட்டான். பஸ்ஸே சிரிச்சுது. என் கிரகம், பெத்தது ஒண்ணே ஒண்ணு, அதைக் கட்டிக் கொடுத்ததும் அதே ஊர்லதான். மகளைப் பார்க்கணும்னா இப்படி யாராவது ஒரு புண்ணியவதியைப் பிடிக்க வேண்டியிருக்கு.

இந்தா வர்றான் பாரு. சொல்லு.

ம். நல்லாச் சொன்னே. ழகரம் சுத்தமா வருது உனக்கு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது வர்றதில்லை. அதை ஞாபகம் வெச்சுக்க, அப்புறம் வேணும்.

செல்லுல என்ன பார்த்துட்டு இருந்தே, படமா? அதைப் பார்த்ததும்தான் எனக்கு நெஞ்சு கொதிக்க ஆரம்பிச்சுது. உன் மேல கோபம் இல்லை சாமி. இந்த மாதிரி ஒரு செல்லுக்குள்ள நானும் இருக்கேன். இங்கே இல்லை, சீனாவுல. செவப்புச் சேலை கட்டிக்கிட்டு, இன்னொருத்தன் பொண்டாட்டியா, அவங்க பாஷையில பேசிக்கிட்டு இருக்கேன். என் சேலையைப் பாரு. வெள்ளை. அவரு போனதிலிருந்து இதுதான். இதையா அவங்க செவப்பாக்கணும்?

இரு, முதல்லயிருந்து சொல்றேன். கோபத்துல முன்னுக்குப் பின்னாச் சொல்லிருவேன்.

நான் தென்னை நார் மில்லுல இருக்கேன், கோட்டூர் பக்கம். களத்துல நார் காயப் போடற பொம்பளைகளுக்கு நான்தான் மேல் பார்வை. தேங்காய் மட்டையை மிஷின்ல போட்டு அடிச்சு, நாரைப் பிரிச்சுக் காயப் போட்டு, முறுக்கி, பேல்னு மூட்டையாக் கட்டி, கன்டெய்னர்ல ஏத்தினா அது சீனாவுக்குப் போகுது. மெத்தைக்குள்ள வெச்சுத் தைக்கறாங்களாம். நாங்க பாய்ல படுத்து எந்திரிச்சு அவங்களுக்கு மெத்தை அனுப்பறோம். அது கிடக்கட்டும்.

மில்லு சென்னியப்பக் கவுண்டருது. பெரியவருன்னுதான் சொல்லுவோம். இப்போ அவரு வீட்டோட இருக்காரு, காது மந்தம், கால் தடுமாட்டம். எல்லாம் பார்க்கறது மகன் கார்வேந்தன் தம்பிதான். தம்பி லண்டன்ல படிச்சுட்டு வந்து முதல் வேலையா கம்ப்யூட்டர்ல மில்லுக்கு ஒரு கடை திறந்தாரு. வெப்சைட்டுங்கறாங்களே, அது. அதுல போட ஒரு படம் பிடிக்கணும்னு கோயமுத்தூர்ப் பசங்க வந்தாங்க, வண்டு மாதிரி ஒண்ணைப் பறக்க விட்டாங்க, கோழியெல்லாம் கூண்டுக்குள்ள ஓடிருச்சு. அப்புறம் என்னைக் களத்துல நிறுத்தி, பாட்டி, இந்த மில்லைப் பத்தி மனசுல இருக்கறதைச் சொல்லுங்கன்னாங்க.

மனசுல என்ன இருக்கும்? அவருதான் இருப்பாரு.

அவரு அங்கே மேஸ்திரி. கட்டடம் எழும்பறதுக்கு முன்னாடி, கல்லுங்காடா இருந்த இடத்தைக் களமா அடிச்சதே அவருதான். ஒரு வருஷம் பங்குனி மாசம், மோட்டார்ல பொறி பறந்து நார் அடுக்கின கொட்டகையில பத்திக்கிச்சு. காஞ்ச நாரு. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள கூரை தொட்டிருச்சு. உள்ளே ஒரு பிள்ளை, சிட்டாள்னு பேரு, மாட்டிக்கிட்டா. இவரு ஈரச் சாக்கைப் போத்திக்கிட்டு உள்ளே போய் அவளை இழுத்துட்டு வந்துட்டாரு. அத்தோட நின்னிருக்கலாம். பெரியவரு அப்போதான் ஆசை ஆசையா நார் முறுக்கற மிஷின் ஒண்ணு வாங்கி வெச்சிருந்தாரு. அதுக்காக இவரு ரெண்டாவது தரம் உள்ளே போனாரு. மிஷினும் வந்துச்சு, இவரும் வந்தாரு, புகையும் கூடவே வந்துச்சு. அந்தப் புகை அவரு நெஞ்சை விட்டு வெளியே போகவே இல்லை. இருமி இருமியே போயிட்டாரு.

தீப் பிடிச்சப்போ பெரியவரு எங்கே? கோபிச்செட்டிபாளையத்துல ஒரு கல்யாணத்துல. எல்லாம் அணைஞ்ச பிற்பாடு, நெத்தியில சந்தனத்தோட, கையில தாம்பூலப் பையோட வந்து இறங்கினாரு. அவரைக் குத்தம் சொல்லலை. கல்யாணத்துக்குப் போறது தப்பா? ஆனா அன்னிக்குத் தீக்குள்ள போனது யாருன்னு எங்க ஊர்ல தவழற பிள்ளைக்கும் தெரியும்.

அதைத்தான் அந்தப் படத்துல சொன்னேன். அவருதான் உள்ளே போனாரு, ஈரச் சாக்கைப் போத்திக்கிட்டு அவரு ஒருத்தருதான் போனாரு, இந்த மில்லு இன்னிக்கு நிக்குதுன்னா அவராலதான் நிக்குது, நான் அவருக்கு வாக்கப்பட்டவன்னு சொன்னேன். கொஞ்சம் அழுகை வந்துச்சு, துடைச்சுக்கிட்டேன். பசங்க கீழே இங்கிலீஷ்ல எழுத்துப் போட்டாங்க. அவருங்கறதுக்கு அவருன்னே போட்டுட்டுப் போயிட்டாங்க. ஒரு வம்பும் இல்லை. வெள்ளைக்காரனுக்கு எந்த அவரா இருந்தா என்ன?

வம்பு வந்தது சீனாவாலதான். தம்பிக்கு ஒரு யோசனை. வாங்கறவன் சீனாக்காரன், அவன் பாஷையில கடை இல்லாம இருக்கலாமான்னு. சரி, எழுத்தை மாத்தினாப் போதும்னுதான் நாங்க நினைச்சோம். அது அப்படி இல்லையாம். அவங்க ஊருக்கு இந்தப் படமே போய்ச் சேராதாம். நாம பார்க்கற இடம் அங்கே கிடையாதாம், அவங்களுக்குன்னு வேற இடமாம், அதுல ஏத்தணுமாம். படத்தைக் குறைக்கணும், குரலை மாத்தணும், நிறத்தை மாத்தணும். இதுக்கெல்லாம் ஒரு ஆளைக் கொண்டு வந்தாரு தம்பி. கோகிலவாணின்னு பேரு. உடுமலைப் பொண்ணு.

அந்தப் பொண்ணு சீனாவுல போய் டாக்டருக்குப் படிச்சுட்டு வந்தவ. இங்கே வந்தா இங்கே ஒரு பரீட்சை எழுதித் தேறணுமாம், அது தேறலை. தேறுற வரைக்கும் சும்மா இருப்பானேன்னு சீனா பாஷையை வித்துப் பொழைக்க வந்தா. நாடி பிடிக்கப் படிச்சவ நார் விக்க வந்தா. களத்துல பொம்பளைகளெல்லாம் சீனாக்காரின்னே பேரு வெச்சாங்க. வந்த புதுசுல எனக்கு அவளைப் பிடிச்சுத்தான் இருந்துச்சு. வாய் நிறைய ஏனுங்கம்மா, சாப்டீங்களாங்கம்மாம்பா.

அவ வந்ததும் ஆபீஸே தலைகீழாச்சு. வெப்சைட்டுல நாலு படத்தை வரிசையா வெச்சிருந்ததை ஒண்ணைத் தூக்கி மூணாக்கிட்டா. அவங்க பாஷையில நாலுன்னு சொன்னா சாவுன்னு சொல்ற மாதிரியே கேட்குமாம். பெரியவரோட கறுப்பு வெள்ளைப் படத்தைச் சுத்திப் பூவரிசை போட்டிருந்துச்சு, அதையும் எடுத்துட்டா. அப்படிப் போட்டா செத்துப் போனவருன்னு ஆர்டருக்குப் பதிலா அனுதாபம்தான் வரும்னா. அதுல தப்பு சொல்ல மாட்டேன். உசுரோட இருக்கற மனுஷனுக்கு எதுக்குப் பூவரிசை?

ஒரு நாள் டீ நேரத்துல என்கிட்ட வந்தா. படத்துல அவரு அவருன்னு சொல்றீங்களே, யாருங்கம்மா அதுன்னா. எனக்குச் சிரிப்பா வந்துச்சு. அவருதான் அம்மிணின்னேன். எந்த அவருங்கன்னா. எங்க அவருதான்னேன். பேருங்கன்னா. ஏனம்மிணி, நீயும் பொம்பளைதானே, பேரைச் சொல்லச் சொல்றியேன்னேன். அவ சொல்றா, அந்த ஊர்ல பெரிய மனுஷங்களைச் சும்மா அவருன்னு விட மாட்டாங்களாம், இன்ன பதவின்னு சேர்த்துச் சொன்னாத்தான் மரியாதையாம். சரின்னு நானும் மெனக்கெட்டு அவளை ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போய், சுவத்துல மாட்டியிருக்கிற மில்லு திறப்பு விழாப் படத்தைக் காட்டினேன். கையை நீட்டிக் காட்டறது மரியாதை இல்லை, தாடையால காட்டினேன். அந்தப் படத்துல பெரியவரு நாற்காலியில உட்கார்ந்திருப்பாரு. நாற்காலி முதுகுல கை வெச்சுக்கிட்டுப் பின்னாடி எங்க அவரு நிப்பாரு. பார்த்தியான்னேன். பார்த்தேனுங்கன்னா. இதைவிட ஒரு மனுஷி எப்படிச் சொல்ல முடியும், நீயே சொல்லு. ஆறு வருஷம் டாக்டருக்குப் படிச்சவளுக்கு இது புரியலைன்னா அது யார் தப்பு?

அப்புறம் கொஞ்ச நாள்ல சீனாவுலயிருந்து ஆள் வர்றாங்கன்னு மில்லே மொழுகிக் கோலம் போட்டுது. வந்தவரு பேரு ஷூ. ஆமா, காலுக்குப் போடறதுதான். பாவம், நல்ல மனுஷன். உருண்டையா, சிரிச்ச முகமா இருந்தாரு. பெரியவரையும் வீட்டம்மாவையும் காருல கூட்டிட்டு வந்து களத்துல நாற்காலி போட்டு உட்கார வெச்சிருந்தாங்க. நாங்க பொம்பளைங்க ஓரமா நின்னோம்.

அந்த ஷூ நேராப் பெரியவர்கிட்டப் போனாரு. குனிஞ்சு ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு என்னவோ நீளமாப் பேசினாரு. பக்கத்துல நின்ன கோகிலவாணி அதைத் தமிழ்ல சொன்னா. ஐயா, தீக்குள்ள போய்த் தொழிலாளியைக் காப்பாத்தின முதலாளியை நான் என் வாழ்க்கையில பார்த்ததில்லை, உங்க கையைத் தொட்டதே எனக்குப் பாக்கியம்னு சொல்றாருங்கன்னா.

எனக்கு முதல்ல ஏறலை. யாரோ வேற முதலாளியைச் சொல்றாங்கன்னு நினைச்சேன். பெரியவருக்குக் காது கேட்கலைன்னு அவ இன்னொரு தரம் சத்தமாச் சொன்னா. கேட்டுட்டாரு. கேட்டு, தலையை ஆட்டினாரு.

ஆட்டினாரு கண்ணு. இந்த மாதிரி, மெதுவா, கண்ணை மூடிக்கிட்டு. நான் பார்த்தேன்.

அது முடியறதுக்குள்ள அந்த ஷூ திரும்பி எங்க கூட்டத்தைத் தேடினாரு. என்னைப் பார்த்துட்டாரு. படத்துல பார்த்த முகம்தானே. ஓடி வந்து என் கையைப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டுப் போய்ப் பெரியவர் பக்கத்துல நிறுத்தி, பெட்டியிலிருந்து ஒரு பட்டுச் சால்வையை எடுத்து என் தோள்ல போட்டாரு. சுத்தச் செவப்பு. கல்யாணப் பொண்ணுக்குப் போடற செவப்பு. போட்டுட்டு எங்க ரெண்டு பேரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடறாரு.

அந்தப் பக்கம் பெரியவரோட வீட்டம்மா குத்துக் கல்லாட்டம் உட்கார்ந்திருக்காங்க. அவங்க என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, மெதுவா, எனக்கு மட்டும் கேட்கற மாதிரி சொன்னாங்க. "அங்காத்தா, இந்த மனுஷனைக் கட்டிக்கிட்டு அம்பது வருஷமா நான் பட்டது போதும். வேணும்னா நீயே கூட்டிட்டுப் போ."

களத்துப் பொம்பளைகளெல்லாம் முந்தானையை வாயில வெச்சுக்கிட்டாங்க. நான் சால்வையைக் கழட்டி நாற்காலி மேல போட்டுட்டு நடந்துட்டேன்.

அன்னிக்குப் பொழுது சாயறப்போ கோகிலவாணியைப் பிடிச்சு, எடு அந்தப் படத்தைன்னேன். செல்லுல காட்டினா. நான் நிக்கறேன். என் வாய்தான். என் அழுகைதான். சேலை செவப்பு. வெள்ளைன்னா அங்கே எழவு நிறம்னு கம்ப்யூட்டர்ல சாயம் ஏத்திட்டாங்க. குரல் என்னுது இல்லை, அவ குரல். என் வாய் மூடின பிற்பாடும் அவ பேசிக்கிட்டே இருக்கா. எனக்குச் சீனா பாஷை தெரியாது, ஆனா காது இருக்குதில்ல. நான் ஒரு மூச்சுல சொன்னதுக்கு அவ மூணு மூச்சு விடறா. நான் அவருன்னு சொல்ற ஒவ்வொரு இடத்துலயும் பெரியவர் படம் வருது. திறப்பு விழாப் படம். பெரியவரை மட்டும் வெட்டி எடுத்திருக்காங்க. ஆனா நாற்காலி முதுகுல எங்க அவரோட விரல் மட்டும் இருக்கு. ஆளைக் காணோம், விரல் இருக்கு.

என்னை என்ன சொல்ல வெச்சிருக்கே அம்மிணின்னேன். அவ முகம் செத்துப் போச்சு. எங்கள் தலைவர், என் கணவர், அவர்தான் தீக்குள் போனார்னு இருக்குங்கம்மான்னா. கல்யாணமே ஆகாதவ, என் வாயாலயே எனக்கு ஒரு புருஷனைக் கட்டி வெச்சுட்டா. அதுவும் யாரை?

அவ அழுதா. நீங்க காட்டினீங்களே, நாற்காலியில இருந்தவரைன்னுதானே நான் நினைச்சேன், சார்கிட்டயும் கேட்டேன், எங்கப்பாவாத்தான் இருக்கும், போடுன்னு சொன்னாருங்கம்மான்னா. அழுதா ஆச்சா? பேரைச் சொல்லுங்க, இப்பவே மாத்தித் தர்றேன்னா. மறுபடியும் பேரு. நான் என்ன பண்ணுவேன். மலையைச் சொன்னேன், மொட்டையைச் சொன்னேன். பஞ்சாமிர்தம்னு சொல்றதுக்குள்ள கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சிரிச்சுட்டா. எங்க ஊரைத் தாண்டினா அதுதானுங்களேம்மான்னா. அவ அதை வாய்க்குள்ள ஒருக்கா சொல்லிப் பார்த்துக்கிட்டா. எனக்கு உடம்பு கூசிச்சு, முகத்தைத் திருப்பிக்கிட்டேன்.

ரெண்டு பேருமாத் தம்பிகிட்டப் போனோம். தம்பி முதல்ல சிரிச்சாரு. அப்புறம், ஓ, நம்ம மேஸ்திரியாங்கன்னாரு. தம்பியைப் பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்த மனுஷன் எங்க அவரு. இன்னிக்கு வரைக்கும் தம்பிக்கு மேஸ்திரிதான். பேரு தெரியாது. தெரிஞ்சுக்கணும்னும் தோணலை. பேரு என்னன்னு அன்னிக்குக்கூடக் கேட்கலை.

"இப்ப மாத்த முடியாதுங்க ஆத்தா," அப்படின்னாரு. "அவங்க இந்தக் கதையை நம்பித்தான் கையெழுத்தே போட்டிருக்காங்க. முதலாளி எப்படிப்பட்டவருன்னு பார்த்துத்தான் அங்கே யாவாரம். இப்ப போய் அது வேற ஆளுன்னு சொன்னா, நாம பொய் சொன்ன மாதிரி ஆயிடும்."

ஆயிடுமாம். பொய் சொன்ன மாதிரி ஆயிடுமாம். அதைச் சொல்றப்போ தம்பிக்குச் சிரிப்புக்கூட வரலை.

நான் அந்தப் பொண்ணைப் பார்த்தேன். ஒரு வார்த்தை பேசுவான்னு பார்த்தேன். சரிங்க சார்னா. அவ்வளவுதான். தலையைக் குனிஞ்சுக்கிட்டு, சரிங்க சார். அன்னியோட அவகூடப் பேச்சை விட்டேன். அவ டீ வாங்கிட்டு வந்து வெச்சா, ஆறி ஆடை கட்டி ஈ விழற வரைக்கும் தொட மாட்டேன்.

தம்பி இல்லைன்னா அப்பன்காரர் இருக்காருல்ல. பெரியவர் வீட்டுக்கே போனேன். ஊஞ்சல்ல இருந்தாரு. எதிர்ல நின்னு, சத்தமா, தெரு கேட்கச் சொன்னேன். ஏனுங்க, அன்னிக்கு எங்கே இருந்தீங்க, கோபியில பந்தியில இருந்தீங்களா, கொட்டகைக்குள்ள இருந்தீங்களான்னு கேட்டேன். ஊஞ்சலைக் காலால நிறுத்தினாரு. அப்புறம் சொன்னாரு.

"அங்காத்தா, அவன் என் மில்லுக்காகத்தானே போனான். அவன் போனது நான் போன மாதிரிதான்."

"அப்ப ராவெல்லாம் உட்கார்ந்து இருமினதும் நீங்கதானுங்களா?"

காது கேட்காத மாதிரி ஊஞ்சலை ஆட்டிக்கிட்டாரு. உள்ளேயிருந்து வீட்டம்மா காப்பி கொண்டு வந்து வெச்சாங்க, எனக்கு மட்டும். அவருக்கு வெக்கலை. நான் குடிக்காமயே வந்துட்டேன்.

எனக்கு என்ன வேணும்னு நினைக்கறே? சால்வையா? படத்துல மூஞ்சியா? எழவு, அந்தச் செவப்புச் சேலை கூடக் கிடந்துட்டுப் போகட்டும். தீக்குள்ள போனது இன்னாருன்னு எங்க அவரு பேரு இருக்கணும். வேற ஒண்ணும் அவருகிட்ட இல்லை கண்ணு. வீடு மில்லுது. காடு கிடையாது. அந்த ரெண்டு தரம் உள்ளே போனதுதான் அவரு சொத்து. அதையும் எடுத்து இன்னொருத்தர் மடியில வெச்சுட்டாங்க. நான் வேலையை விட்டுடலாம்னுகூடப் பார்த்தேன். ஏன் விடணும்? களம் அவரு அடிச்ச களம்.

இப்ப அவ பண்ணின அடுத்த வேலையைக் கேளு. சீனாவுக்குப் போற நாருக்குச் சீனாவுலயே ஒரு பேரு வெக்கணும்னு தம்பி கிளம்பினாரு. மூட்டை மேல அச்சடிக்க, வெப்சைட்டுல போட. ஆபீஸ் ஜன்னலுக்குக் கீழே நான் பேல் எண்ணிக்கிட்டு இருந்தேன். தம்பிக்கு டிராகன்னு வரணும்னு ஆசை. அங்கே டீக்கடைக்கும் முடிவெட்டற கடைக்கும் அதே டிராகன்தானுங்க சார், வேண்டாம்னா இவ. நல்ல ராசியா மூணு எழுத்து எடுத்துத் தர்றேன், முதல் எழுத்துக்கு எட்டுன்னு அர்த்தம், அவங்களுக்கு எட்டுன்னா உசுரு, எட்டு வந்தா மேல மேல வளரும்னு நம்புவாங்கன்னா. தம்பிக்கு வாயெல்லாம் பல்லு. தம்பி கார் நம்பரும் எட்டு. மத்த ரெண்டு எழுத்துக்கு என்ன அர்த்தம்னு கேட்டாரோ என்னவோ, அதுக்குள்ள ஏசிக்காக ஜன்னலைச் சாத்திட்டாங்க. எனக்கு எட்டு மட்டும்தான் காதுல விழுந்துச்சு. பாரு, இங்கே ஒருத்தி வயிறு எரிஞ்சு நிக்கறா, அவ முதலாளிக்கு எட்டு எண்ணிக் கொடுக்கறான்னு காறித் துப்பினேன்.

மூட்டை அச்சடிச்சு வந்துச்சு. செவப்புல மூணு பெரிய எழுத்து, பூச்சி காலை விரிச்ச மாதிரி. எங்களுக்கு என்ன தெரியும்? கட்டினோம். நானே நின்னு கட்ட வெச்சேன். எழுத்து கோணாம நேரா வரணும்டின்னு பொம்பளைகளை விரட்டி விரட்டிக் கட்ட வெச்சேன்.

அந்த எழுத்துப் போட்ட முதல் கன்டெய்னர் கிளம்பற அன்னிக்கு மறுபடியும் அந்த ஷூ வந்தாரு. பூஜை போட்டு, பூசணிக்காய் சுத்தி, எல்லாரும் நிக்கறோம். பெரியவரையும் கொண்டு வந்து நிறுத்தியிருந்தாங்க, கைத்தடியோட. நான் இந்தத் தடவை தூரமாவே நின்னுக்கிட்டேன், மறுபடியும் சால்வை கீல்வை வந்துட்டா? கோகிலவாணிக்கும் அதுதான் கடைசி நாளு. பரீட்சைக்குப் படிக்கப் போறேன்னு கணக்கு முடிச்சுட்டா. என்கிட்டச் சொல்லலை. நான் பேசினாத்தானே சொல்லுவா.

அந்த ஷூ ஒரு மூட்டையைத் தட்டினாரு. தட்டிட்டு அந்த மூணு எழுத்தையும் விரல் வெச்சு, ஒவ்வொண்ணாச் சத்தம் போட்டு வாசிச்சாரு.

என்ன வாசிச்சாருன்னு கேட்காதே. என் வாயில வராது. அவங்களுக்கு அந்த ழ இல்லை கண்ணு, ல-ன்னு வழுக்கிட்டுப் போயிருச்சு. கொஞ்சம் பாட்டு மாதிரி ஏத்தி இறக்கினாரு. மத்தபடி, நீ கண்டக்டர்கிட்டச் சொன்னியே, அதேதான்.

பக்கத்துல நின்ன சிட்டாள், தீயில காது மடல் கருகினவ, அவதான் முதல்ல திரும்பினா. அவளுக்கு அவரு அண்ணன் முறை, அவ சொல்லலாம். சொன்னா. கேள்வி கேட்கற மாதிரி ஒருக்கா, அப்புறம் அழுதுக்கிட்டே இன்னொருக்கா. களத்துப் பொம்பளைகளுக்கெல்லாம் ஒண்ணொண்ணா விளங்குது. தம்பிக்கு மட்டும் விளங்கலை. அவருக்கு அது எட்டு. ஷூவுக்குச் சந்தோஷம்னா சந்தோஷம், எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கன்னு தம்பியே கையைத் தட்டித் தட்டிச் சொல்ல வெச்சாரு. அம்புட்டுப் பொம்பளைகளும் சொன்னாங்க. லன்னா சொன்னாங்க? ழன்னே சொன்னாங்க.

நான் முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு நின்னேன். கோபம் எனக்கு. ஆமா, கோபம்தான். இன்னும் இருக்கு. ஏன்னா என்ன, அன்னியிலிருந்து மில்லுல பொழுது விடிஞ்சா பொழுது போனா அந்தப் பேருதான். அந்தப் பேரைச் சொல்லி எத்தனை லோடுன்னு டிரைவர் பயலுக கத்தறானுக. அதைத் தூக்கிப் போடுறா, அது நனைஞ்சிருச்சுடாங்கறானுக, ஒரு மட்டு மரியாதை இல்லாம. நான் எதைச் சொல்லி வேலை வாங்கறது? அந்தச் சீனா மூட்டைன்னு சொல்லித்தான் வேலை வாங்கறேன். இதெல்லாம் அவ யோசிச்சாளா? கண்ணுல பட்டான்னா ரெண்டு கேட்டுட்டுத்தான் விடுவேன். படத்தை மாத்தினாளா? மாத்தலை. இன்னமும் அங்கே நான் செவப்புச் சேலையிலதான் நிக்கறேன்.

மடத்துக்குளம் தாண்டிருச்சா? வந்துட்டோம். இரு, ஒண்ணே ஒண்ணு பாக்கி.

பொம்பளைகளெல்லாம் சொல்லி முடிச்சதும், கோகிலவாணி நேரா நடந்து பெரியவர் முன்னாடி போய் நின்னா. அவருக்கு அந்தப் பேரு தெரியும் கண்ணு. அவருக்குத் தெரியாம இருக்குமா? முகம் வெளுத்துப் போய்த் தடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு. ஐயா, நீங்களும் உங்க வாயால ஒருக்கா சொன்னா நல்லதுன்னு ஷூ சார் ஆசைப்படறாருங்கன்னா. தம்பி, சொல்லுங்கப்பா, சொல்லுங்கன்னாரு. ஊரே பார்க்குது. பெரியவர் உதட்டை நனைச்சுக்கிட்டு, தரையைப் பார்த்துக்கிட்டு, முணுமுணுன்னு சொன்னாரு.

அவ குனிஞ்சு அவர் காதுகிட்டப் போய், களத்துக்கே கேட்கற மாதிரி சொன்னா.

"கேட்கலையாமுங்க ஐயா. இன்னும் ஒருக்கா, நல்லாச் சத்தமாச் சொல்லச் சொல்றாரு."

அந்த ஷூ வாயே திறக்கலை. நான் பார்த்துக்கிட்டேதான் நின்னேன்.